பந்தோடயா, மைதானத்தைச் சுற்றியா? பொது உடற்தகுதி, விளையாட்டுக்கேற்ற பயிற்சி – விவாத இழை

மாலைப்பந்து
கிளிநொச்சிப் பக்கம் ஒரு கிராமக் கழகம். 18 வயதுக்குட்பட்ட உதைபந்து அணி, 16 பேர். போட்டிக்கு இன்னும் 10 கிழமை இருக்கு. கிழமைக்கு 4 நாள், நாளுக்கு 75 நிமிசம் பயிற்சி. கிரவல் மைதானம், ஜிம் இல்லை. உரப்பை, மண், பழைய ரயர், சைக்கிள் ரியூப் எவ்வளவும் எடுக்கலாம்.

பயிற்சி குடுக்கிற ரெண்டு பேருக்கும் ரெண்டு கொள்கை. ஒருவர் பந்து இல்லாமல் செய்யிற எதுவும் நேர விரயம் எண்டுறார். மற்றவர் முதல் 5 கிழமையும் பந்தைக் கண்ணிலயும் காட்டாமல் மைதானத்தைச் சுற்றி 10 ரவுண்ட் விடவேணும் எண்டுறார். இதுக்குள்ள கழகக் காசில கயிற்று ஏணியும், முதுகில கட்டி ஓடுற பரசூட்டும் வாங்கிற கதை வேற. எது சரி? அதே மைதானத்தில பின்னேரம் கரப்பந்து அடிக்கிற 35–45 வயது ஆக்களுக்கும் ஏதாவது சொல்லுங்கோ.

பாலைவேர்
ரவுண்ட் ஓட விடுறவர் மூச்சைப் பற்றிக் கவலைப்படுறார், அது நியாயம். ஆனால் அவர் எடுத்த வழி மோசம். வளர்ந்தவர்களின்ர 90 நிமிச ஆட்டத்தில ஒருவர் 9 முதல் 12 கிலோமீற்றர் வரைக்கும் நகருறார். அதில பெரும்பகுதி நடையும் மெல்லோட்டமும்தான். முழு வேகத்தில ஓடுறது எல்லாம் சேர்த்துச் சில நூறு மீற்றர். கோல் விழுறதும் பின்தொடை இழுக்கிறதும் பெரும்பாலும் அந்தச் சில நூறு மீற்றருக்குள்ளதான். ஒரே வேகத்தில 10 ரவுண்ட் ஓடினால் ஒரே வேகத்தில ஓடத்தான் உடம்பு பழகும்.

மூச்சுக்குப் பந்தோட வழி இருக்கு. 30 x 20 மீற்றர் கட்டத்தில நாலுக்கு நாலு, 4 நிமிசம் விடாமல் ஆட்டம், 3 நிமிசம் மெல்ல நடை. இப்படி 4 தரம். வெளியில போற பந்தை எடுக்க ஓடினால் நெருப்பு அணைஞ்சுபோகும், அதால கோட்டுக்கு வெளியில நாலு பந்து தயாராக இருக்கவேணும். கோல் காப்பாளர் வேண்டாம், சின்னக் கோல் போதும். நாலாவது நிமிசத்தில ஒரு முழு வசனம் பேச முடியுதெண்டால் அவர் உழைக்கேல்லை. 16 பேர் எண்டபடியால் ரெண்டு கட்டம் போட்டு எல்லாரையும் ஒரே நேரத்தில விடலாம். ஆக, மூச்சு விசயத்தில முதலாமவர் வென்றார்.

ஆனால் அவரும் ஒண்டைக் காணேல்லை. 30 மீற்றர் கட்டத்துக்குள்ள ஒருவரும் உச்ச வேகத்தைத் தொடமாட்டினம். தசைப் பலமும் பந்தால வராது. இந்த ரெண்டையும் தனியாகத்தான் செய்யவேணும். கிழமைக்கு ரெண்டு நாள் 25 நிமிசம் பலம், ஒண்டு ரெண்டு நாள் 15 நிமிசம் வேகம். மிச்சம் முழுக்கப் பந்து.

வெள்ளைக்கோடு
ஏணியை வாங்காதேங்கோ. வாங்கித்தான் தீருவம் எண்டால் கிரவலில சுண்ணாம்பால கோடு போடுங்கோ, அதே பலன். ஏணிக்குள்ள கால் வேகமாகத் தட்டுற பெடியன் ஏணிக்குள்ள கால் தட்டத்தான் கெட்டிக்காரனாகிறான். ஆட்டத்தில திரும்புறது எதிராளி திரும்பினதைக் கண்டு திரும்புறது. கண்ணுக்கு வேலை இல்லாத இடத்தில அந்தப் பழக்கம் வராது. சூடேத்தேக்க 3 நிமிசம் செய்தால் குற்றமில்லை.

ஏணியை விட மோசம், அசைவுக்குப் பாரம் கட்டுறது. கணுக்காலில மண்பை கட்டிப் பந்து உதைக்க விடுறது, கரப்பந்துக்காரரின்ர மணிக்கட்டில பாரம் கட்டிக் கையை வீச விடுறது. பார்க்க அந்த விளையாட்டு மாதிரித்தான் இருக்கும். ஆனால் பாரம் கட்டின கால் மெதுவாக வீசும், உதைக்கிற நேரக்கணக்கு மாறும். பாரத்தால தோளை முன்னுக்கு இழுத்தெறிஞ்சால் அதை நிப்பாட்டுற பின்தோள் தசைகள்தான் அடிவாங்கும். பலத்தைக் குந்தி எழும்பித் தேடுங்கோ, உதையைச் சரியான நிறையுள்ள பந்தால தேடுங்கோ.

பரசூட்டைப் பற்றிக் கதைக்கிறதுக்கு ஒண்டுமில்லை. ஒரு சின்ன ரயரைக் கயிற்றால இடுப்பில கட்டி 15 மீற்றர் இழுத்தால் தொடக்க உந்தலுக்கு அது காணும். ஓட்டத்தின்ர வடிவம் குலையிற அளவுக்குப் பாரம் போடாமல் இருந்தால் சரி.

கரைவலை
எல்லாம் சரி அண்ணை, ஆனால் இஞ்ச பெடியள் சும்மா இருக்கிற பெடியளோ? வயல், வரம்பு வெட்டு, மூடை ஏத்திறது. முல்லைத்தீவுக் கரையில எண்டால் வலை இழுக்கிறது. பட்டணத்துப் பிள்ளையளுக்குத்தான் இந்தப் பொதுப் பலம் எல்லாம். எங்கட ஆக்களுக்கு அது பிறப்பிலயே இருக்கு. அவைக்கு விளையாட்டை மட்டும் பழக்கினால் காணும்.

பாலைவேர்
தம்பி, பாதி உண்மை. மண்வெட்டியும் மூடையும் குடுக்கிற பலம் என்ன எண்டு பிரிச்சுப் பாருங்கோ. பிடிப்பு, முதுகு, தோள், களைச்சாலும் விடாத தன்மை. இவை பெரிய சொத்து. ஆனால் அந்த வேலை எல்லாம் ரெண்டு காலும் நிலத்தில ஊண்டி, இடுப்பை வளைச்சு, மெதுவாகச் செய்யிறது. ஓட்டம் ஒற்றைக்கால் வேலை. முழு வேகத்தில கால் முன்னுக்கு எட்டேக்க பின்தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கவேணும். அந்த வேலை எந்த வயலிலயும் இல்லை. வலை இழுக்கிறவர் சாய்ஞ்சு பின்னுக்கு நடப்பார், பாய்ஞ்சு ஒற்றைக்காலில இறங்கமாட்டார்.

நம்பாட்டில் மூண்டு சோதனை. ஒற்றைக்காலில படி விளிம்பில நிண்டு குதியை முழுசா உயர்த்தி இறக்குங்கோ, முழங்கால் மடியாமல், 2 செக்கனுக்கு ஒரு தரம். பக்கத்துக்கு 25 போகாட்டில் கெண்டைக்கால் காணாது. அடுத்தது, சாதாரண பிளாஸ்ரிக் கதிரை உயரத்திலயிருந்து கை ஊண்டாமல் ஒற்றைக்காலில எழும்பி, ‘தொப்' எண்டு விழாமல் இருக்கவேணும், பக்கத்துக்கு 5 தரம். மூண்டாவது, கீழ சொல்லுற நோர்டிக்கில (முழங்காலில நிண்டு முன்னுக்குச் சாயுற பின்தொடைப் பயிற்சி) உடம்பு பாதிச் சரிவு வரைக்கும் கட்டுப்பாட்டில வரவேணும். மூடை தூக்கிற பெடியள் ரெண்டாவதில தப்புவினம். முதலாவதும் மூண்டாவதும் பலபேரைக் காட்டிக்குடுக்கும்.

இன்னொண்டு. வயல் வேலையும் ஒரு சுமைதான், அதைக் கணக்கில எடுக்கவேணும். பெரும்போக அறுவடை தை, மாசியில வரும், பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியும் அப்பதான். இப்ப வெட்டுறது மெசின் எண்டாலும் மூடை ஏத்திறது மனிசர். பகல் முழுக்க 60 கிலோவுக்கு மேல மூடை ஏத்தினவரைப் பின்னேரம் குந்த வைக்காதேங்கோ. அந்தக் கிழமைகளில பாரப் பயிற்சியைப் பாதியாக்குங்கோ. வேக ஓட்டத்தை மட்டும் விடாதேங்கோ, எண்ணிக்கையைக் குறைச்சால் போதும். அதை மூண்டு கிழமை விட்டிட்டுப் போட்டியண்டு ஓடினால்தான் பின்தொடை கிழியும்.

மாலைப்பந்து
சரி, பலத்துக்கு 25 நிமிசம் எண்டீங்கள். என்னென்ன, எத்தினை?

பாலைவேர்
முதல்ல மூடை. யூரியாப் பையை ரெண்டு தரம் கழுவிக் காயவிடுங்கோ, உரத்தூள் வியர்வையோட சேர்ந்தால் தோல் எரியும். மண்ணை நேரா அதுக்குள்ள போட்டால் பின்னலுக்குள்ளால ஒழுகும். தடிச்ச பொலித்தீன் பையில காய்ஞ்ச மணல் போட்டுக் கட்டி, அதைப் பைக்குள்ள இறக்குங்கோ. 10, 15, 20 கிலோவில மூண்டு விதம். தராசில நிறுத்து வெளியில எழுதி வையுங்கோ. ஈர மணல் போட்டால் எழுதின நிறை பொய்யாகும். வெயிலில விட்டால் பை உக்கிப்போகும்.

குந்தி எழும்புதல்: மூடையை நெஞ்சோட அணைச்சு 3 தரம் 8 (எட்டெட்டாக மூண்டு சுற்று). குதி நிலத்தைவிட்டுக் கிளம்பக்கூடாது. 3 தரமும் 10 சுகமாக வந்தால் அடுத்த மூடை.
ஒற்றைக்காலில இடுப்பை மடிச்சுக் குனிஞ்சு நிமிர்தல்: 10 கிலோ, பக்கத்துக்கு 2 தரம் 8. முதுகு வளைஞ்சால் பாரத்தைக் குறையுங்கோ.
கெண்டைக்கால்: மேல சொன்ன படி உயர்வு, 2 தரம் 15.
கவட்டுக்குக் கோப்பன்ஹேகன்: பக்கவாட்டில முழங்கையை ஊண்டிப் படுத்து, மேல்காலின்ர முழங்காலை வாங்கில் மேல வைச்சு இடுப்பை உயர்த்துறது. பக்கத்துக்கு 2 தரம் 6. பாதத்தை வாங்கில் மேல வைக்கிறது கடின வடிவம், அதை 5ஆம் கிழமைக்குப் பிறகு.
தண்டால்: 2 தரம், இன்னும் ரெண்டு போடலாம் எண்ட இடத்தில நிப்பாட்டுங்கோ.

அடுத்தது நோர்டிக். இதைக் கவனமாக வாசியுங்கோ, பிழையாகச் செய்யிறதுதான் கூட. மடிச்ச சாக்கில முழங்கால் ஊண்டி நிக்கவேணும். கூட்டாளி பின்னுக்கு இருந்து ரெண்டு கணுக்காலையும் தன்ர நிறையால அமத்திப் பிடிப்பார். முழங்காலிலயிருந்து தலை வரைக்கும் ஒரே பலகை. இடுப்பை மடிச்சுக்கொண்டு குனிஞ்சால் அது நோர்டிக் இல்லை, கும்பிடு. அந்தப் பலகையாக முன்னுக்கு மெதுவாகச் சாயுங்கோ. ஒரு இடத்தில பின்தொடை ‘இனி ஏலாது' எண்டு கையை விரிக்கும், உடம்பு சடாரெண்டு விழும். அந்த இடத்தை எவ்வளவு கீழ தள்ளுறமோ அதுதான் முன்னேற்றம். விழேக்க கையால ஏந்தி, தண்டால் மாதிரித் தள்ளி மேல வாங்கோ. மேல வர்றதுக்குப் பின்தொடையைப் பாவிக்கத் தேவையில்லை.

முதல் கிழமை 2 தரம் 3 மட்டும், ஒரே நாள். ரெண்டாம் கிழமை 2 தரம் 4, ரெண்டு நாள். பிறகு மெல்ல மெல்ல 3 தரம் 6 வரைக்கும். உற்சாகத்தில முதல் நாளே 30 போட்டால் மூண்டு நாள் படி இறங்க ஏலாது, அதோட பெடியள் அந்தப் பயிற்சியையே வெறுத்திடுவினம். பயிற்சி முடிஞ்ச பிறகு செய்யவேணும், வேக ஓட்டத்துக்கு முன்னால ஒருக்காலும் இல்லை. ஆட்டத்துக்கு முந்தின ரெண்டு நாளும் தொடாதேங்கோ. ஒழுங்காகச் செய்த அணிகளில பின்தொடைக் காயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைஞ்சதை ஆய்வுகள் காட்டியிருக்கு. உரப்பைச் செலவும் இல்லாத பயிற்சி.

வெள்ளைக்கோடு
சூடேத்திறதுக்கு உலக உதைபந்துச் சம்மேளனத்தின்ர பீஃபா 11 பிளஸ் எண்ட பயிற்சித் தொகுப்பை எடுக்கலாம். 20 நிமிசம். 8 நிமிச ஓட்டம், 10 நிமிசம் பலம், பாய்ச்சல், சமநிலை, கடைசி 2 நிமிசம் வேகமான ஓட்டமும் திரும்பலும். 14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எண்டு செய்தது, நோர்டிக்கும் அதுக்குள்ள வருது. நோர்வேயில 13–17 வயதுப் பெண்பிள்ளையளில செய்து 2008இல வந்த ஆய்வில காயம் மூண்டில ஒரு பங்களவு குறைஞ்சது. ஆனால் கிழமைக்கு ரெண்டு தரமாவது செய்யவேணும். போட்டிக்கு முதல் கிழமை தொடங்கிப் பலனில்லை.

வலைப்பந்துக்காரப் பிள்ளையளுக்கு இது இன்னும் முக்கியம். பந்தைப் பிடிச்ச உடன நிக்கவேண்டிய விளையாட்டு. இறங்கேக்க முழங்கால் உள்ளுக்குச் சரிஞ்சால் முழங்காலுக்குள்ள இருக்கிற இணைப்பு நார் கிழியலாம். பாயுறதை மட்டும் பழக்கி இறங்கிறதைப் பழக்காத பயிற்சிதான் கனக்க.

கரைவலை
வேகத்துக்குக் கடற்கரை மணல் எப்பிடி? முல்லைத்தீவில எல்லாரும் அதைத்தான் சொல்லுகினம், மணலில ஓடினவன் தரையில பறப்பான் எண்டு.

வெள்ளைக்கோடு
பறக்கமாட்டான். புதைமணலில ஓட, தரையில ஓடுறதைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி செலவாகும், அதால மூச்சுக்கு நல்லது. மூட்டில விழுற அடியும் குறைவு, காயத்திலயிருந்து திரும்பி வாறவருக்கு உதவும். ஆனால் மணல் உள்வாங்கிறதால பாதம் கூடநேரம் தரையில தங்கும். உச்ச வேகம் எண்டது பாதம் சூட்டுச் சட்டியைத் தொட்டமாதிரித் தட்டிப் போறது, மணல் அதுக்கு எதிர்மாறு. தண்ணி விளிம்பில இறுகின மணல் பரவாயில்லை, ஆனால் அது கடல் பக்கம் சரிவு. போகேக்க ஒரு திசை, வரேக்க மற்றத் திசை. ஒரே திசையில ஓடினால் ஒரு பக்க இடுப்பு நோகும்.

குளக்கட்டைப் பற்றியும் சொல்லிவிடுறன், அடுத்த கேள்வி அதுதானே. இரணைமடு மாதிரிக் கட்டுகளின்ர பக்கச் சரிவு வேக ஓட்டத்துக்கு மிகச் செங்குத்து. அதில ஓடுறது ஓட்டமில்லை, ஏறுறது. கட்டுக்கு ஏறுற பாதையின்ர மெல்லிய சரிவு போதும், 20 மீற்றர், 6 தரம், நடந்து இறங்கி வரவேணும்.

தட்டையான வேகம்: 20 மீற்றர் மெல்ல மெல்லக் கூட்டி, அடுத்த 20 மீற்றர் முழு வேகம். 4 தரம். இடையில 3 நிமிசம் ஓய்வு, குறையக்கூடாது. பெடியள் மூச்சு வாங்கேல்லை எண்டு பயிற்சி குடுக்கிறவருக்குக் கை பறக்கும், ஓய்வை 30 செக்கனாக்குவார். அந்த நிமிசத்திலயிருந்து அது வேகப் பயிற்சி இல்லை. கிரவலில முதல்ல கல் பொறுக்குங்கோ. நிப்பாட்டுறதுக்கு 20 மீற்றர் வெறும் இடம் விடுங்கோ, மதிலுக்கு முன்னால கோடு போட்டால் ஒருவரும் முழு வேகத்தில ஓடமாட்டினம்.

நிழல்மரம்
வெயிலைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. பொதுப் பயிற்சியோ விளையாட்டுப் பயிற்சியோ, வன்னியில் பங்குனி முதல் ஆவணி வரை பிற்பகல் 3 மணிக்கு வைத்தால் இரண்டும் ஒன்றுதான். வெப்பத்துக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாட்கள் பிடிக்கும். முதல் வாரம் பாதி நேரம், பாதி வேகம். முடிந்தால் காலை 5.30 அல்லது மாலை 5 மணிக்குப் பின்.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர். 60 கிலோ பையன் 1.2 கிலோவுக்கு மேல் இழந்தால் இடையில் குடித்தது போதவில்லை. நிறை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறார், அதுவும் ஆபத்து. ஜீவனி (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) பாவித்தால் ஒரு பக்கெற்றுக்கு ஒரு லீற்றர் கொதித்தாறிய நீர். ருசிக்காக அரை லீற்றரில் கரைக்காதீர்கள்.

நோவுக்கு டைக்குளோபினாக் போட்டுக்கொண்டு விளையாடும் வழக்கத்தை நிறுத்துங்கள். நீரிழந்த உடம்பில் அந்த மாத்திரை சிறுநீரகத்துக்கான இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். வவுனியாவின் சில பகுதிகளில் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் ஏற்கனவே இருக்கிறது. அங்கே இந்தப் பழக்கம் இரட்டைத் தவறு.

ஒருவர் தடுமாறி, சம்பந்தமில்லாமல் பேசி விழுந்தால் அது வெறும் மயக்கம் என்று எண்ண வேண்டாம். நிழலில் கிடத்தி, 1990க்கு (அம்புலன்ஸ் சேவை) அழைத்துவிட்டு, வாகனம் வரும்வரை கிணற்று நீரை உடம்பு முழுவதும் ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகு ஏற்றுவது. நினைவு தெளிவில்லாதவருக்கு வாயில் எதுவும் கொடுக்கக்கூடாது.

மாலைப்பந்து
நன்றி ஐயா. அந்த 35–45 ஆக்கள்?

நிழல்மரம்
அவர்களுக்கு என் கணக்கில் பத்தில் எட்டுப் பங்கு பொதுப் பயிற்சி. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டல் வளர்ந்தவர்களுக்கு வாரம் 150–300 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75–150 நிமிடக் கடின உழைப்பு, அத்துடன் இரண்டு நாள் பலப் பயிற்சி என்கிறது. மாலைக் கரப்பந்து முதலாவதில் ஒரு பகுதியை நிரப்பும். இரண்டாவதைத் தொடவே தொடாது. பிரேசர், சீனி பார்த்து ஒரு வருடம் தாண்டியிருந்தால் முதலில் அதைப் பாருங்கள். நெஞ்சு இறுக்கம் வந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது.

குதிநாண் (கெண்டைத் தசையைக் குதியுடன் இணைக்கும் நாண்) அறுவது பெரும்பாலும் 30–50 வயது ஆண்களில், இடையிடையே மட்டும் விளையாடுபவர்களில். பின்னாலிருந்து யாரோ உதைத்தது போலிருக்கும், திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தடுக்கும் வழி அந்தப் படி உயர்வுதான்: ஒன்றுவிட்டு ஒரு நாள், பக்கத்துக்கு 3 தரம் 12, பிறகு முதுகில் 10 கிலோ மூடையுடன். பாய்ந்து தடுப்பதை முதல் இரண்டு வாரம் ஒரு மாலைக்கு 20க்குள் வைத்து, பிறகு வாரத்துக்குப் பத்துப் பத்தாகக் கூட்டுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே நோபவர்களுக்குச் சுவரில் சாய்ந்து அரைக்குந்தலில் 45 செக்கன், 5 தரம். நோவு மறுநாள் காலை கூடியிருந்தால் குந்தலின் ஆழத்தைக் குறைக்க வேண்டும்.

செயற்கைக் கால் பாவிப்பவர்கள் அமர்ந்து ஆடும் கரப்பந்துக்கு வருவதானால் மைதானம் 10 x 6 மீற்றர், வலை ஆண்களுக்கு 1.15, பெண்களுக்கு 1.05 மீற்றர். அங்கே நகர்வதும் கையால், அடிப்பதும் கையால். ஆகவே தோளுக்கு இழுக்கும் பயிற்சி தள்ளும் பயிற்சியைவிட இரு மடங்கு. சைக்கிள் ரியூப்பை மரத்தில் கட்டி நெஞ்சுக்கு இழுப்பது, 3 தரம் 15. வியர்வையில் செயற்கைக் காலின் குழி உராய்ந்தால் தோல் சிவக்கும். சிவப்பு 20 நிமிடத்தில் மறையாவிட்டால் அன்று செயற்கைக் காலைக் கழற்றிவைத்துவிட்டு அமர்ந்த பயிற்சி மட்டும்.

கரைவலை
13, 14 வயதுப் பிள்ளையள் 100 மீற்றரும் ஓடி, நீளமும் பாய்ஞ்சு, உதைபந்தும் அடிக்கினம். அவையை ஒண்டில பிடிச்சு விடவேணுமோ?

பாலைவேர்
வேண்டாம். அந்த வயதில பல விளையாட்டு ஆடுறதுதான் பொதுப் பயிற்சி. வலயப் போட்டிக் கிழமையில எல்லாப் பயிற்சியும் ஒரே பிள்ளையின்ர காலில விழுகுதோ எண்டு மட்டும் யாராவது ஒருவர் எண்ணிப் பாக்கவேணும்.

மாலைப்பந்து, உங்கட 10 கிழமை இப்பிடி. 1–4: பலம் ரெண்டு நாள், வேகம் ஒரு நாள் (மேடு), நாலுக்கு நாலு ரெண்டு நாள். 5–8: பலத்தில எண்ணிக்கை குறைச்சுப் பாரம் கூட்டி, வேகம் ரெண்டு நாள் தட்டையில, முழு மைதான ஆட்டம் ஒரு நாள். 9: பலம் ஒரு நாள். 10: பலம் இல்லை, வேகம் 3 தரம் மட்டும், ஆட்டம் பாதி நேரம்.

வெள்ளைக்கோடு
9இல குறைக்கிறது சரி. ஆனால் 10இல பலத்தை முழுசா விடுறதோட உடன்பாடில்லை. கிழமைத் தொடக்கத்தில ஒரே ஒரு தரம் குந்தலும் கெண்டைக்காலும் செய்தால் கால் கனக்காது. முழுசா விட்டிட்டு, தோத்தால் அடுத்த நாளே திரும்பத் தொடங்கேக்கதான் உடம்பு நோகும்.

பாலைவேர்
சரி, ஒரு தரம். நோர்டிக் மட்டும் வேண்டாம்.

மாலைப்பந்து
முன்னேற்றத்தை எப்பிடி அளக்கிறது? போனில இருக்கிற நிறுத்தக் கடிகாரம் காணுமோ?

வெள்ளைக்கோடு
30 மீற்றருக்குக் கை நேரம் ஏறத்தாழ கால் செக்கன் வரைக்கும் பொய் சொல்லும். 4.6 செக்கன் 4.5 ஆகிறதைக் கண்டு சந்தோசப்படாதேங்கோ. மூண்டு பேர் பிடிச்சு நடுவில வாற நேரத்தை எழுதுங்கோ, தொடக்கத்திலயும் முடிவிலயும் அதே மூண்டு பேர். நிண்ட இடத்திலயிருந்து நீளப் பாய்ச்சல் அதைவிட நம்பிக்கை, குதி விழுந்த பின் விளிம்பிலயிருந்து நாடாவால அளக்கலாம். மூச்சுக்கு யோயோ சோதனை: ஒலிக்கேற்ப வேகத்தைக் கூட்டிக்கூட்டி 20 மீற்றர் போய்த் திரும்பி, 10 செக்கன் ஓய்வு, ஒலி போனில கிடைக்கும். ஒலிபெருக்கிப் பெட்டியில பூட்டிச் சத்தமா விடுங்கோ, கடைசியில நிக்கிறவருக்குக் கேக்காட்டில் அவர் பக்கத்திலை நிக்கிறவரைப் பாத்து ஓடுவார். 20 மீற்றரை எட்டு வைச்சு அளக்காதேங்கோ.

மாலைப்பந்து
நாடாவால அளந்து நாலு மூலையிலயும் கட்டை அடிச்சாச்சு. எட்டு வைச்சுப் போட்டிருந்த பழைய கோடு 18.4 மீற்றர்.

வெள்ளைக்கோடு
அப்ப போன வருசத்து முடிவுகளையும் கிழிச்சுப் போடுங்கோ.